கூடு இல்லைன்னா சைபர்னு எழுதுங்க

ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில், செண்பகத்தோப்பு பக்கம், ஒரு மாந்தோப்பு இருந்தது. இப்போ அங்கே தென்னங்கன்று வைத்திருக்கிறார்கள். "மரத்தை வெட்டுறதுக்கு முன்னாடியே அணில் எல்லாம் போயிருச்சு தம்பி, நாங்க வெட்டினதால போகல" என்று தோப்புக்காரர் சொல்கிறார். அது உண்மையா இல்லையா என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான். நாலு வருஷம் அந்தத் தோப்பில் கூடு எண்ணப் போனவன். ஆனால் என்னாலும் சொல்ல முடியவில்லை. ஏன் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் அணிலைப் பற்றிக் கொஞ்சம். நான் சொல்வது முதுகில் மூணு கோடு போட்ட வீட்டு அணில் இல்லை. சாம்பல் நிற அணில், நரை அணில் என்றும் சொல்வார்கள். மூக்கிலிருந்து வால் நுனி வரை அளந்தால் முக்கால் மீட்டர் வரும், அதில் பாதிக்கு மேல் வால்தான். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் இருக்கிறது. 1769-ல் பென்னன்ட் என்ற வேல்ஸ்காரர் இதற்கு முதன்முதலில் அறிவியல் விவரிப்பு எழுதினார். இதற்காகவே 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சுமார் 485 சதுர கிலோமீட்டரில் சரணாலயம் அறிவித்தார்கள். 2021-ல் மேகமலையோடு சேர்த்து அது புலிகள் காப்பகமாகவும் ஆனது.

இந்த மலைகளைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் ஒரு பெரிய பங்கு சம்பளத்துக்கு வேலை பார்க்காதவர்கள் நடந்து நடந்து சேர்த்தது. புகழ்பெற்ற வனவிலங்கு ஆய்வாளர் ஏ.ஜே.டி. ஜான்சிங் முதலில் சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர். விடுமுறை நாளில் இந்தக் காடுகளில் சுற்றியவர். பிற்பாடு ஜோஷுவாவுடன் சேர்ந்து இந்த அணிலைப் பற்றி 1994-ல் ஒரு முக்கியமான ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ராஜபாளையத்தில் வைல்ட்லைஃப் அசோசியேஷன் ஆஃப் ராஜபாளையம் என்ற உள்ளூர் அமைப்பு பல வருஷமாக இயங்குகிறது. கணக்கெடுப்புக்கு வருகிறவர்களில் கல்லூரி மாணவர்கள், மில் வேலைக்காரர்கள், என்னை மாதிரி கம்ப்யூட்டர் ஆட்கள் எல்லாரும் உண்டு.

சரி, அணிலை எப்படி எண்ணுவது? நேரடியாக எண்ணுவது கஷ்டம். தனியாகத் திரியும் பிராணி, ஆள் சத்தம் கேட்டால் கிளையோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். அதனால் கூட்டை எண்ணுகிறோம். காக்கைக் கூடு குச்சியால் கட்டிய திறந்த கிண்ணம். அணில் கூடு இலையும் சுள்ளியும் வைத்த மூடிய பந்து. பெரும்பாலும் பக்கத்து மரத்தின் கிளை தொடுகிற உச்சியில் இருக்கும். ஆபத்து வந்தால் தரையில் இறங்காமல் அடுத்த மரத்துக்குத் தாவணும் இல்லையா, அதற்காக.

இதில் இரண்டு சிக்கல். ஒன்று, ஒரு அணில் பல கூடு வைத்திருக்கும். பத்துக் கூடு என்றால் பத்து அணில் இல்லை. பழைய கூடு காய்ந்து மரத்திலேயே தொங்கும், அதனால் இலை பச்சையாக இருக்கிறதா என்றும் குறிக்க வேண்டும்.

இரண்டாவது, நாம் பார்க்காமல் விட்ட கூடுகள். இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஒரே பாதையில் இரண்டு பேர் தனித்தனியாகப் போகணும், பேசிக்கொள்ளக் கூடாது. உதாரணத்துக்கு நான் 20 கூடு பார்த்தேன், நீங்கள் 18. ஒப்பிட்டால் 15 கூடு இரண்டு பேர் பட்டியலிலும் இருக்கிறது. அதாவது நீங்கள் பார்த்த 18-ல் 15-ஐ, ஆறில் ஐந்து பங்கை, நான் பிடித்திருக்கிறேன். அப்படியானால் என்னுடைய 20-ம் மொத்தத்தில் ஆறில் ஐந்து பங்காக இருக்கலாம். மொத்தம் சுமார் 24. இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தது 23, ஆக ஒன்று இரண்டு பேர் கண்ணுக்கும் தப்பியிருக்கிறது. குளத்து மீனை எண்ணவும் இதே கணக்குதான்.

இப்போ என் தப்புக்கு வருகிறேன். அந்த மாந்தோப்பில் முதல் வருஷம் 6 கூடு, இரண்டாவது வருஷம் 4. மூன்றாவது வருஷத் தாளில் அந்தக் கட்டம் காலி. நாலாவது வருஷமும் காலி. நாலாவது வருஷத்துக்கு விளக்கம் தேவையில்லை, போனபோது மரமே இல்லை. ஆனால் மூன்றாவது வருஷம்? தோப்புக்குப் போய்க் கூடு இல்லாததால் எழுதாமல் விட்டேனா, இல்லை நேரமாகிவிட்டது என்று போகவே இல்லையா? போனில் அன்றைய படங்களைத் தேடினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் காலையில் சாப்பிட்ட இட்லி மட்டும் இருக்கிறது.

டேட்டாபேஸில் 'நல்' வேறு, ஜீரோ வேறு என்று ஆபீசில் புதுசாக வருகிற பசங்களுக்கு நான்தான் பாடம் எடுப்பேன். தெரியாது என்பது ஒன்று, இல்லை என்று தெரியும் என்பது இன்னொன்று. காட்டுக்குள் போனதும் அதே தப்பை நானே செய்தேன். ஒன்றுமே பார்க்காத நாளை எழுத மனசு வருவதில்லை, அதுதான் உண்மையான காரணம்.

இது வெறும் நோட்டுப் பிரச்சினை இல்லை. இரண்டாவது வருஷத்துக்கு அப்புறம் தோப்புக்கும் காட்டுக்கும் நடுவே ஓடைக்கரையில் இருந்த ஒரு வரிசை மரமும் போய்விட்டது. மூன்றாவது வருஷமே கூடு இல்லை என்றால், பாதை அறுந்ததால் அணில் போயிருக்கலாம். தோப்புக்காரர் சொல்வது சரி. கூடு இருந்திருந்தால், மாமரம் வெட்டியதுதான் காரணம். போன மழைக்கு எங்களிடம் நாவல், மருது, புங்கன் கன்றுகள் கொஞ்சம்தான் இருந்தன. தோப்பு ஓரமா, ஓடைக்கரையா? ஓடைக்கரையில் வைத்தோம். அது சரியான இடமா என்று சொல்ல வேண்டிய கட்டம் காலியாக இருக்கிறது.

பிப்ரவரியில் நாலு நாள் நடக்கும் உலகளாவிய பறவைக் கணக்கெடுப்பில் ஈபேர்ட் ஆப் ஒரு கேள்வி கேட்கும்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் எழுதிவிட்டீர்களா? ஆமாம் என்றால்தான் பட்டியலில் இல்லாத பறவை அங்கே கண்ணில் படவில்லை என்று எடுத்துக்கொள்ள முடியும். காக்கையை விட்டுவிட்டு மீன்கொத்தியை மட்டும் எழுதினால் அந்த வசதி போச்சு.

இப்போ எங்கள் தாளில் மூன்று விஷயம் கட்டாயம்: கிளம்பிய நேரம், முடித்த நேரம், கூட்டின் எண்ணிக்கை. போகவில்லை என்றால் 'போகவில்லை'. போய்ப் பார்த்து இல்லை என்றால் 0. போன தடவை வந்த ஒரு மாணவி தாளை நீட்டி, "அண்ணா, ஆறு இடத்துல அஞ்சு இடம் சைபர்தான், இதையும் கொடுக்கணுமா?" என்று சங்கடப்பட்டாள். அன்றைக்கு வந்ததிலேயே நல்ல தாள் அதுதான் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. நாலஞ்சு வருஷம் கழித்து அந்த ஐந்து சைபரில் ஒன்று இரண்டாக மாறினால் நம்புவாள்.