வார்டுக்குள் போகும் முன் கை படிக்க வேண்டிய பாடம்

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலை, தி.நகர் ரங்கநாதன் தெருவில் நிற்பவருக்குக் குனிந்து தன் காலைப் பார்க்கக்கூட இடம் கிடைக்காது. பங்குனியில் அறுபத்துமூவர் உலா நாளில் மயிலாப்பூர் மாடவீதிகளும் அப்படித்தான். அந்த நெரிசலில் ஒருவருடைய இதயம் நின்றுபோனால், 108-ஐ அழைத்த உடனே ஆம்புலன்ஸ் புறப்பட்டாலும், உஸ்மான் சாலையைத் தாண்டி ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்து சேரப் பல நிமிடங்கள் ஆகும். மூளை அவ்வளவு நேரம் காத்திருக்காது. ரத்த ஓட்டம் நின்று நாலைந்து நிமிடங்களிலேயே அது சேதமடையத் தொடங்கிவிடும். மின்னதிர்ச்சி கொடுத்துச் சீராக்கக்கூடிய வகை இதய நிறுத்தத்தில், சி.பி.ஆர். எனப்படும், மார்பை அழுத்தி மூச்சு கொடுக்கும் முதலுதவி இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. ஆகவே அந்த உயிர் பக்கத்தில் நிற்பவரின் கைகளை நம்பித்தான் இருக்கிறது. பொதுமக்கள் எல்லோருக்கும் சி.பி.ஆர். பயிற்சி போய்ச்சேர நாளாகலாம். ஆனால் மருத்துவத் துறையைத் தொழிலாகத் தேர்ந்தெடுத்து வரும் இளைஞர்களிடம் இதை முதல் நாளிலிருந்தே எதிர்பார்ப்பது நியாயம். குறிப்பாக, பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்புக்கு வருகிறவர்களிடம்.

அந்தப் படிப்பு இந்தியாவில் வேரூன்றிய ஊரே சென்னைதான். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் 1965-ல் டாக்டர் யூஜின் ஸ்டெட் தொடங்கிய இந்தப் பயிற்சியை, 1992-ல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இதய அறுவை நிபுணர் டாக்டர் கே.எம். செரியன் இங்கே கொண்டுவந்தார். பைபாஸ் அறுவையின்போது காலிலிருந்து ரத்தக்குழாயை எடுத்துத் தருவது, அறுவைக்குப் பின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியைக் கவனிப்பது, டாக்டர் வரும்முன் விவரங்களைத் திரட்டி வைப்பது என்று இவர்களின் வேலை நோயாளியின் படுக்கையை ஒட்டியே நடக்கிறது. 2021-ல் நிறைவேறிய துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டமும் இவர்களைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் சேர்க்கையின்போது நாம் பார்ப்பது பிளஸ் டூ மதிப்பெண்ணை. அமெரிக்கக் கல்லூரிகள் பலவும் பி.எல்.எஸ். எனப்படும் அடிப்படை உயிர்காப்புச் சான்றிதழைக் கேட்கின்றன. சில விண்ணப்பத்தோடும், பல வகுப்பு தொடங்கும் முன்போ மருத்துவமனைப் பயிற்சிக்கு அனுப்பும் முன்போ கேட்கும்.

சான்றிதழ் என்றதும் ஒரு காகிதம்தான் நினைவுக்கு வரும். அதன் பின்னால் இருப்பதோ உடல் கற்றுக்கொள்ளும் பாடம். பயிற்சி பொம்மையின் முன் மாணவர் முட்டி போடுகிறார். தோளைத் தட்டிக் கூப்பிட வேண்டும். உதவிக்குக் குரல் கொடுக்க வேண்டும். மூச்சையும் நாடியையும் பத்து விநாடிக்குள் பார்த்து முடிக்க வேண்டும். குறட்டைபோல் விட்டுவிட்டு வரும் இழுப்பை மூச்சென்று எண்ணி ஏமாறக் கூடாது. உள்ளங்கையின் அடிப்பகுதி மார்பு எலும்பின் கீழ்ப்பாதியில், அதன் மேல் இன்னொரு கை, முழங்கை மடங்காமல். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஒவ்வொன்றும் ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல், ஆறைத் தாண்டாமல். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக மேலெழும்ப விட வேண்டும். அப்போதுதான் இதயத்தில் மறுபடி ரத்தம் நிரம்பும். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இரண்டு நிமிடத்தில் தோள் கடுத்துவிடும், ஆழம் குறையும். அதனால்தான் ஆள் மாறச் சொல்கிறார்கள். இதில் எதையும் வீடியோ பார்த்து மட்டும் தெரிந்துகொள்ள முடியாது. வெளிநாட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகள் ஆன்லைனில் மட்டுமே கிடைக்கும் சான்றிதழுக்குப் பணம் கட்டும் முன், கல்லூரி அதை ஏற்குமா என்று பார்த்துக்கொள்வது நல்லது. பொம்மையின் மீது செய்துகாட்டித் தேறினால்தான் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு.

பாடத்திட்டத்தில் எப்படியும் வரப்போவதுதானே, முன்கூட்டியே எதற்கு என்று கேட்கலாம். பாடத்திட்டம் தன் வரிசையில் வரும். இதய நிறுத்தம் அப்படி வராது. வெள்ளைக் கோட்டுடன் வார்டில் நிற்கும் முதலாண்டு மாணவரைப் பார்த்து, நோயாளியின் உறவினர் 'இவருக்குத் தெரியும்' என்றே நம்புவார். அந்த நம்பிக்கைக்கு உரிய குறைந்தபட்சத் தகுதி அவரிடம் அன்றே இருக்க வேண்டும். இதைவிடக் கனமான கேள்வி ஒன்று உண்டு: கிராமத்திலிருந்து அரசுப் பள்ளியில் படித்துவரும் பிள்ளை பயிற்சிக் கட்டணத்துக்கு எங்கே போகும்? விண்ணப்பத்தோடு சான்றிதழைக் கட்டாயமாக்கினால், அடையாறில் இருப்பவருக்கு அது அரைநாள் வேலை. தொலைதூர மாவட்டத்துப் பிள்ளைக்கு இன்னொரு தடை. ஆகவே நான் கேட்பது விண்ணப்பத்துக்கான நிபந்தனை அன்று, வார்டுக்கான நிபந்தனை. சேர்ந்த முதல் வாரத்திலேயே கல்லூரி தன் செலவில் பயிற்சி கொடுக்கட்டும், தேறாதவரை வார்டுக்கு அனுப்பாதிருக்கட்டும். கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் நினைத்தால் தன்கீழ் உள்ள கல்லூரிகளில் இதை ஒரே சுற்றறிக்கையில் கொண்டுவரலாம். சில மணி நேரப் பயிற்சிதான். ஒரு பொம்மையில் பல பேர் பழகலாம்.

கற்றது மறந்துபோகுமே என்பதும் உண்மைதான். அமெரிக்க இதயச் சங்கத்தின் சான்றிதழ் இரண்டு ஆண்டு செல்லும். கைப்பழக்கமோ சில மாதங்களிலேயே மங்கத் தொடங்குகிறது. அதற்கு மருந்து, ஒவ்வொரு பருவத்திலும் பொம்மையின் முன் பத்து நிமிடம் உட்கார வைப்பது. முதன்முறை கற்பதைத் தள்ளிப்போடுவதால் மறதி குறைந்துவிடாது. அனுபவமில்லாதவர் அழுத்தினால் விலா எலும்பு முறியாதா என்ற அச்சமும் உண்டு. முறியலாம். முறிந்த எலும்பு கூடும். நின்ற இதயத்தை அப்படியே விட்டால் எதுவும் மிஞ்சாது. மூச்சு கொடுக்கத் தயங்கும் பொதுமக்களுக்காக, அழுத்தத்தை மட்டும் கற்றுத்தரும் எளிய முறையை இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் வகுத்திருப்பதும் இதனால்தான்.

பிசிஷியன் அசிஸ்டென்ட் பட்டம் கைக்கு வர ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்த மாணவரால் செய்ய முடியாதவை பல. ஆனால் முதல் வாரத்தில் கற்ற இந்த ஒன்றை அன்று மாலையே பயன்படுத்தலாம்: கல்லூரி விட்டுத் திரும்பும் வழியில், கஸ்தூரிபா நகர் பறக்கும் ரயில் நிலையப் படிக்கட்டில் ஒருவர் சரிந்து விழும்போது.