மயிற்பீலித் தொப்பி

உழவனின் தொப்பியைக் கண்ட மாத்திரத்தே அவனுடைய ஊர் இன்னதெனக் கூறிவிடக்கூடிய காலம் ஒன்று போலந்து நாட்டில் இருந்தது. தெற்கே தத்திரா மலைச்சாரலில் வாழும் ஆயர்கள், ஆட்டு மயிரை அழுத்திச் செய்த கறுப்புத் தொப்பியில் கழுகின் இறகைச் செருகுவர். அதனைச் சுற்றியுள்ள பட்டியில் வரிசையாகப் பதிந்திருப்பவை நம் சிறுவர் விளையாடும் சோகிகளே! குளிர்ந்த பால்டிக் கடலில் அவை வாழ்வதில்லை. வெப்பக் கடல்களில் பிறந்த சோகி, வணிகர் கைமாறி அம்மலையை அடைந்தது.

கிராக்கோ நகரைச் சூழ்ந்த சிற்றூர்களின் தொப்பியோ வேறு வகையினது. நான்கு மூலைகளும் சிவந்த நிறமும் உடைய அதனைக் 'கிராக்குஸ்கா' என்பர். அதன் அழகெல்லாம் மயிற்பீலியிலேயே தங்கியுள்ளது. திருமண நாளில் மாப்பிள்ளைத் தோழர் பீலியும் வண்ண நாடாக்களும் அசைந்தாடக் குதிரைமீது வருவர். அன்றிரவு மணமகளின் மலர்முடியை நீக்கி, மணமான பெண்டிர்க்குரிய தலையணியை அணிவிப்பர். கன்னி மனைவியாயினாள் என்பதை ஊருக்கு உணர்த்தும் சடங்கு அது.

எனினும், இத்தொப்பி போலந்து மக்களின் நெஞ்சில் நிலைத்தமைக்கு வேறு காரணமும் உண்டு. 1794ஆம் ஆண்டு ஏப்பிரல் 4ஆம் நாள் இரக்லவீட்செ என்னுமிடத்தில் தளபதி கொஷ்சியுஷ்கோவின் படை இரசியப் படையை எதிர்த்தது. புல்லறுக்கும் அரிவாளை ஈட்டிபோலக் கட்டிய உழவர்கள் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்தனர். அவர்களுள் பார்த்தோசு குளோவாட்ஸ்கி என்பான், எரிந்துகொண்டிருந்த திரியைத் தன் தொப்பியால் அமுக்கி அணைத்தான் என்பது மரபு. பண்ணையடிமையாய் இருந்த அவன் அன்று வீரனானான். வெற்றிக்குப் பின் தளபதியும் உழவரின் மேலங்கியை அணிந்து அவர்களைப் பெருமைப்படுத்தினார்.

ஆயினும், 1795இல் நாடு முற்றாகப் பங்கிடப்பட்டு உலகப் படத்தினின்றும் மறைந்தது. அந்த அடிமை நாளில், 1901ஆம் ஆண்டு, விசுப்பியான்ஸ்கி என்னும் நாடகாசிரியர் 'திருமணம்' என்ற நாடகத்தை அரங்கேற்றினார். அதில், மக்களை விடுதலைப் போருக்கு எழுப்பவல்ல பொற்கொம்பு ஒன்று யாசெக் என்னும் இளைஞனிடம் ஒப்படைக்கப்படுகின்றது. விரைந்து செல்லும் அவன், கீழே விழுந்த தன் மயிற்பீலித் தொப்பியை எடுக்கக் குனிகின்றான். கொம்பு நழுவிப் போகின்றது. கொம்பு கட்டியிருந்த கயிறே அவனிடம் எஞ்சுகின்றது. எழவேண்டிய மக்களோ, உறங்குவார் போன்று ஆடிக்கொண்டே நிற்கின்றனர்.

போலந்து 1918இல் விடுதலை பெற்றது. இன்று இத்தொப்பியைத் திருவிழாக்களிலும் நடன அரங்குகளிலுமே பெரும்பாலும் காணலாம். தொப்பியைத் துறந்தவன் பீரங்கியை வென்றான். தொப்பியைத் துறக்க மனமில்லாதவன் பொற்கொம்பை இழந்தான். முன்னோர் தந்த அணியைப் போற்றுதல் நன்றே. ஆனால், அதனினும் பெரிய கடமை அழைக்கும்போது குனிந்து நிற்றல் ஆகாது என்பதை அவ்வுழவரின் தொப்பி நமக்கும் உணர்த்துகின்றதன்றோ?