அம்பியர்: பெயரும் கலைச்சொல்லும்

அறிஞர் ஒருவரின் பெயர் அளவையின் பெயராகியதும், பெயர் நின்று மனிதர் மறக்கப்படுதல் உலகியல்பு. மின்னோட்டத்தின் அலகாகிய 'அம்பியர்' என்னும் சொல்லும் அத்தகையதே.

அந்திரே மரி அம்பியர் 1775 ஆம் ஆண்டு சனவரி 20 ஆம் நாள் பிரான்சின் லியோன் நகரிற் பிறந்தார். பள்ளி சென்றறியாத அவருக்குத் தந்தையாரின் நூலகமே கல்விக்கூடம். பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793 இல், அத்தந்தையார் சிரச்சேதஞ் செய்யப்பட்டார். பதினெட்டு வயதினரான மைந்தர் துயரத்தால் நெடுநாள் நூல்களைத் தொடாதிருந்தார்.

மின்னோட்டம் செல்லுங் கம்பியினருகே காந்தவூசி திரும்புதலை 1820 இல் டென்மார்க்கு அறிஞர் ஏர்ஸ்டெட் வெளியிட்டார். செப்டெம்பர் 11 ஆம் நாள் பாரிசு அறிவியற் கழகத்தில் அரகோ அதனைச் செய்துகாட்டினார். ஒரு வாரங் கழித்து, 18 ஆம் நாளிலேயே, அம்பியர் தம் முதலாய்வுரையை அங்கு நிகழ்த்தினார். ஒரே திசையில் மின்னோட்டஞ் செல்லும் இரு சமாந்தரக் கம்பிகள் ஒன்றையொன்று கவரும். எதிர்த்திசையிற் செல்லின் ஒன்றையொன்று தள்ளும் என அவர் தொடர்ந்து நிறுவினார். ஈண்டுக் காந்தம் எதுவும் வேண்டப்படவில்லை என்பது கருதத்தக்கது. இத்துறைக்கு 'மின்னியக்கவியல்' என்னும் பொருள்படப் பெயரிட்டவரும் அவரே. 1836 இல் மார்செய் நகரில் அவர் காலமானார்.

1881 இல் பாரிசிற் கூடிய அனைத்துலக மின்னியல் மாநாடு மின்னோட்டத்தின் அலகுக்கு அவர் பெயரைச் சூட்டியது. அதனின்றும் பல கலைச்சொற்கள் கிளைத்தன. ஓட்டத்தை அளக்குங் கருவி அம்பியர்மானி. ஆயிரத்திலொரு பங்கு மில்லியம்பியர். சுருளில் ஓடும் அம்பியரைச் சுற்றுகளின் எண்ணிக்கையாற் பெருக்கின் அம்பியர்-சுற்று வரும். 2 அம்பியர் 100 சுற்றுகளில் ஓடின் அது 200 அம்பியர்-சுற்றாகும்.

மாணவர் மயங்குமிடம் அம்பியர்-மணி. பெயரில் அம்பியர் இருப்பினும் அஃது ஓட்டத்தின் அளவன்று, மின்னேற்றத்தின் அளவாகும். ஓர் அம்பியர் என்பது செக்கனுக்கு ஒரு கூலோம். ஒரு மணி 3600 செக்கன். ஆகவே ஓர் அம்பியர்-மணி 3600 கூலோம். மின்கலவடுக்கின் மீது பொறிக்கப்படுவது இவ்வளவே.

1948 இல் வகுக்கப்பட்ட வரைவிலக்கணம் அம்பியரின் பரிசோதனையையே அடியொற்றியது. வெற்றிடத்தில் ஒரு மீற்றர் இடைவெளியிலுள்ள, முடிவிலா நீளமுடைய இரு நுண்ணிய சமாந்தரக் கடத்திகளிடையே, மீற்றர் நீளமொன்றுக்கு ஒரு நியூற்றனின் கோடியில் இரண்டு பங்கு விசையை உண்டாக்கும் மாறா ஓட்டமே ஓர் அம்பியர் எனப்பட்டது. 2019 மே 20 முதல் அவ்விலக்கணம் நீங்கியது. இலத்திரனின் ஏற்றப்பருமனை 1.602176634 × 10⁻¹⁹ கூலோம் என நிலைநிறுத்தி அதனின்றும் அம்பியர் பெறப்படுகின்றது. இலக்கணம் மாறினும் பெயர் மாறவில்லை.

ஆங்கிலத்தார் கருவிக்கு 'அம்மீற்றர்' என வழங்கி, அவர் பெயரில் முதலசையை மாத்திரமே எஞ்சவிட்டனர். தமிழில் 'அம்பியர்மானி' என்னுஞ் சொல் அப்பெயரை முழுமையாகத் தாங்கி நிற்கின்றது. அதனை 'அம்மானி' எனச் சுருக்க விழையும் மாணவர், சுருங்குவது ஒரு சொல் மட்டுமன்று என்பதை உணர்வாராக.