கோபுரத்துக்கு அஞ்சுகிறோம், பூச்சிமருந்துக்கு?

செல்போன் கோபுரம் வந்தால் புற்றுநோய் வருமோ என்ற பயம் உத்திரமேரூர்ப் பக்கமும் உண்டு. கோபுரம் அனுப்பும் நுண்ணலைக்கு மரபணுவை உடைக்கும் ஆற்றல் இல்லை. உடம்பைச் சூடாக்கும், அதுவும் தள்ளிப்போகப்போக வேகமாகக் குறையும். 2012இல் இந்தியா கோபுரக் கதிர்வீச்சு வரம்பைச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒன்றாகக் குறைத்தது.

எனக்குக் கவலையெல்லாம் நெல்வயலில்தான். மோனோகுரோட்டோபாஸ் போன்ற பூச்சிமருந்துகள் தோல் வழியாகவே உள்ளே போகும். நரம்பு தசைக்கு அனுப்பும் சேதியை முடித்துவைக்கும் நொதியை அவை முடக்குகின்றன. சேதி ஓயாமல் போய்க்கொண்டே இருப்பதால் கண் பாப்பா சுருங்கும், எச்சில் ஒழுகும், தசை துடிக்கும், முற்றினால் மூச்சே நின்றுவிடும். முதுகில் மாட்டிய தெளிப்பான் கசிந்து சட்டை நனைந்ததா? வேலை முடியட்டும் என்று இருக்காதீர்கள். உடனே கழற்றிவிட்டுச் சோப்புப் போட்டுக் குளியுங்கள். மயக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் 108ஐ அழைத்து, மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.