கடல்நீரைக் குடிக்கும் மரம்

பிச்சாவரத்து உப்பங்கழியில் படகு கரையோரம் ஒதுங்கும்போது வெண்கண்டல் இலைகளைக் கவனியுங்கள். நல்ல வெயிலில் அவற்றின்மேல் பொடிப்பொடியாக ஏதோ மின்னும். இலையைப் பறிக்க வேண்டாம். விரலால் தடவி நாக்கில் வைத்தாலே கரிக்கும். வேர் வழியாக ஏறிவிட்ட உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியே தள்ள, அது அங்கேயே காய்ந்து படிந்திருக்கிறது. சற்றுத் தள்ளி, வில்லாக வளைந்த வேர்களைச் சேற்றில் ஊன்றி நிற்கிறது சுரபுன்னை. அதன் இலையில் இந்தச் சுரப்பிகளே கிடையாது. இரண்டும் குடிப்பது ஒரே தண்ணீர்தான். அப்படியானால் சுரபுன்னை உப்பை என்ன செய்கிறது?

உள்ளேயே விடுவதில்லை. உப்பில் ஏறக்குறைய முழுவதையும் வேர் வாசலிலேயே நிறுத்திவிட்டு, நல்ல தண்ணீரை மட்டும் மேலே ஏற்றுகிறது. சொல்ல எளிது. ஆனால் ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த உப்பு தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும் வலு ஏறத்தாழ 25 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். கார் டயருக்கு அடிக்கும் காற்றைப்போல் பத்து மடங்குக்கும் மேல். அதைவிடப் பலமாக இழுத்தால்தான் சுரபுன்னைக்கு ஒரு சொட்டாவது கிடைக்கும்.

இதை அளந்து காட்டியவர் பெர் ஸ்கோலாண்டர். ஸ்வீடனில் பிறந்து நார்வேயில் வளர்ந்தவர், மருத்துவம் படித்தவர். கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் பணியாற்றியபோது, மரத்துக்குள் இருக்கும் இழுவிசையை அளக்க அவர் கையாண்ட வழி வியக்கவைக்கும் அளவுக்கு எளிமையானது. ஒரு கிளையை வெட்டியதும், அதுவரை இழுபட்டுக்கொண்டிருந்த நீர் வெட்டுவாயை விட்டு உள்ளே ஓடிவிடும். அந்தக் கிளையை ஒரு தடித்த எஃகுக் கலத்துக்குள் வைத்து, வெட்டுவாய் மட்டும் மூடி வழியாக வெளியே நீட்டியிருக்கும்படி இறுக்கி, உள்ளே வாயுவைச் செலுத்த வேண்டும். எந்த அழுத்தத்தில் வெட்டுவாயில் மறுபடி ஈரம் கசிகிறதோ, அதுவே மரம் இழுத்துக்கொண்டிருந்த விசை. உயரமான ஊசியிலை மரங்களின் உச்சிக் கிளைகள் வேண்டியிருந்தபோது துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தி எடுத்தார்கள்.

1965இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட முடிவுகளில், சுரபுன்னை போன்ற அலையாத்தி மரங்களின் இழுவிசை 35 முதல் 60 வளிமண்டலம் வரை இருந்தது. கிணற்று மோட்டார் எவ்வளவு உறிஞ்சினாலும் பத்து மீட்டருக்குமேல் தண்ணீர் ஏறாது. காற்று கீழிருந்து தள்ளுவதன் எல்லை அது. மரத்தில் நடப்பது வேறு. மயிரிழையைவிட மெல்லிய குழாய்களில் நீர்மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றியிருக்கின்றன. இலையில் வெயில் பட்டு நீர் ஆவியாக, வேர்வரை அந்த முழு நீர்க்கயிறும் இழுபடுகிறது. டப்ளினில் டிக்சன், ஜோலி என்ற இரு அறிவியலாளர்கள் 1894இலேயே இப்படித்தான் சொன்னார்கள். அதை நம்பாதவர்கள் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் இருந்தார்கள்.

இன்னொரு கேள்வி மிச்சமிருந்தது. உப்பைப் பிரிக்க வேர் தன் சக்தியைச் செலவிடுகிறதா? அலையாத்தி நாற்றுகளின் தலையை நறுக்கி, கடல்நீரில் மூழ்கிய வேர்களோடு அவற்றைக் கலத்துக்குள் வைத்து அழுத்தம் கொடுத்தார் ஸ்கோலாண்டர். நறுக்கிய முனையில் ஏறக்குறைய நன்னீர் கசிந்தது. வேரைக் குளிரவைத்தும், உயிரணுக்களின் சுவாசத்தை முடக்கும் நஞ்சைக் கொடுத்தும் பார்த்தார். அப்போதும் உப்பு பிரிந்துகொண்டுதான் இருந்தது. ஆக, வேர் ஒரு வடிகட்டி, இழுப்பது வெயில். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் மின்சாரத்தைக் கொட்டிச் செய்யும் அதே வேலையை இந்த மரம் சூரியனை வைத்தே முடித்துக்கொள்கிறது. என்னைப் பொறுத்தவரை தாவர உலகில் இதைவிடப் பெரிய அதிசயம் வேறில்லை.

ஆனால் இழுப்புக்கும் ஓர் எல்லை உண்டு. மண்ணில் உப்பு ஏற ஏற மரம் இன்னும் கடினமாக இழுக்க வேண்டும். ஒரு கட்டத்தில் குழாய்க்குள் காற்றுக்குமிழி புகுந்து நீர்க்கயிறு அறுந்துவிடும். பிச்சாவரத்திலேயே இந்தப் பாடம் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். வெயில் நேரடியாகப் பட்டுச் சேறு வற்றி, நிலம் தொட்டிபோலத் தாழ்ந்தது. ஓதத்தில் உள்ளே வந்த நீர் திரும்ப வழியின்றித் தேங்கி ஆவியாக, உப்பு கடலைவிட அதிகமானது. கடல்நீரையே குடிக்கும் மரத்தின் கன்று அங்கே பிழைக்கவில்லை. ஆனால் ஆடுமாடு மேய்ச்சலாலும் விறகு வெட்டுவதாலும்தான் காடு அழிகிறது என்று ஊர்மக்கள்மேல்தான் நெடுங்காலம் பழி விழுந்தது.

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் மண்ணையும் நீரோட்டத்தையும் ஆராய்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். 1990களில் வனத்துறையோடும் ஊர்மக்களோடும் சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி அந்தத் தாழ்வான நிலத்தைக் கழிமுகத்தோடு இணைத்தார்கள். ஓதம் ஏறி இறங்கத் தொடங்கியதும் தேங்கிய உப்பு கழுவப்பட்டு வெளியேறியது. வாய்க்கால் சரிவுகளில் நட்ட வெண்கண்டல் கன்றுகள் வேர்பிடித்தன.