ஒரே ஈத்துப் பூனைகளைச் சேர்க்கலாமா?

எங்கள் ராயபுரம் தெருவில் ஒரு தம்பி, ஒரே ஈத்தில் பிறந்த இரண்டு பெர்சியன் பூனைகளை வாங்கி வளர்க்கிறான். ஒன்று ஆண், ஒன்று பெண். "அண்ணா, ரெண்டுக்கும் அதே சப்பை மூக்கு. இதுங்களையே சேர்த்தா குட்டியும் அப்படியே வரும்ல?" என்று கேட்டான்.

வரும். கூடவே வேறு என்னவெல்லாம் வரும் என்று தேடிப் படித்ததன் குறிப்பு இது. நான் கால்நடை மருத்துவர் இல்லை, ப்ரோகிராம் எழுதுகிறவன்.

ஒவ்வொரு ஜீனுக்கும் இரண்டு காப்பி: அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதானாலும் பல சமயம் மற்றது சமாளித்துவிடும், பேக்கப் மாதிரி. ஆனால் இரண்டுமே ஒரே முன்னோரின் ஒரே காப்பியாக இருந்தால்? பழுது இருந்தால் இரண்டிலும் அதே பழுதுதான். இதற்கான வாய்ப்பைத்தான் உட்கலப்பு அளவு என்கிறார்கள். மாமன் மகள், அத்தை மகன் கல்யாணத்தில் பிறக்கும் பிள்ளைக்கு அது 6.25%. தாய்மாமன், அக்கா மகள் என்றால் 12.5%. அண்ணன் தங்கைப் பூனைகளின் குட்டிக்கு 25%. நூற்றுக்கு 25 குட்டி நோயோடு பிறக்கும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒவ்வொரு குட்டியிலும் சராசரியாக நாலில் ஒரு பங்கு ஜீன்களுக்கு பேக்கப்பே கிடையாது என்று அர்த்தம். இதையே தலைமுறை தலைமுறையாகச் செய்தால் ஈத்தில் குட்டிகள் குறையும், பிறந்ததும் சீக்கிரம் சாகும்.

இதற்கு நல்ல உதாரணம் பர்மீஸ் பூனை. ரங்கூன் என்றால் நமக்கு பர்மா பஜாரும் அத்தோவும் ஞாபகம் வரும். பூனைக்காரர்களுக்கு வாங் மாவ். 1930இல் ஜோசப் தாம்சன் என்ற மருத்துவர் சான் பிரான்சிஸ்கோவில் வளர்த்த, பர்மாவிலிருந்து வந்த பெண் பூனை அது. அமெரிக்க பர்மீஸ் இனமே பெரும்பாலும் அந்த ஒற்றைப் பூனையின் வழி வந்ததுதான். 1970களில் குட்டையான, உருண்டை முகம் கொண்ட பர்மீஸ்கள் கண்காட்சிகளில் பரிசு வாங்கின. எல்லாரும் அந்த வழியிலேயே இனம் பெருக்கினார்கள். பிறகு சில குட்டிகள் பிழைக்கவே முடியாத அளவுக்கு மண்டையோடு உருக்குலைந்து பிறந்தன. ஏஎல்எக்ஸ்1 என்ற ஜீனில் உள்ள மாற்றம்தான் காரணம் என்று 2016இல் தெரியவந்தது. ஒரு காப்பி இருந்தால் பரிசு வாங்கும் முகம், இரண்டு இருந்தால் சாவு.

பெர்சியன் கதை வேறு மாதிரி. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் பிகேடி என்ற நோய்க்கு ஒரு காப்பியே போதும். அதனால் வெளி ரத்தம் சேர்த்தால் மட்டும் தப்பிக்க முடியாது. சில நாடுகளில் சோதித்த பெர்சியன்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் இது இருந்தது. அறிகுறி தெரிய பெரும்பாலும் பல வருடம் ஆகும். அதற்குள் அந்தப் பூனை எத்தனையோ ஈத்து போட்டிருக்கும். காரணமான மாற்றம் 2004இல் கண்டுபிடிக்கப்பட்டது, டிஎன்ஏ சோதனை உண்டு. சுமார் பத்து மாத வயதுக்கு மேல் ஸ்கேனிலும் தெரியும்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் சோதனை, அடுத்து உறவு இல்லாத ஜோடி, மூக்கு எல்லாம் கடைசியில்.

தம்பியிடம் இன்னொன்றும் சொன்னேன். பூனைக்கு அண்ணன் தங்கை தெரியாது. ஐந்தாறு மாதத்திலேயே தானாகச் சேர்ந்துவிடும். ஆணுக்கு கருத்தடை ஆபரேஷன் செய்யணும், இல்லையென்றால் இப்போதே தனித்தனியாக வைக்கணும். அடுத்த வாரம் இரண்டையும் கூடையில் போட்டு வேப்பேரிக்குக் கொண்டுபோனான்.