விதைத்தவனுக்கு விதை சொந்தமா?

ஆடிப்பட்டம் நெருங்கிய நாளொன்றில், மீன்சுருட்டிப் பக்கத்து உழவர் ஒருவர் காலியான விதைப்பையுடன் நம்மிடம் வந்தார். பையின் பின்புறத்தில் எறும்பு ஊர்வது போன்ற ஆங்கில எழுத்துகள். "சாமி, இதிலே என்ன போட்டிருக்கு, படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

படித்தோம். இவ்விதையை ஒரு பருவத்திற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். விளைச்சலிலிருந்து விதையெடுத்து மறுபடி விதைக்கவோ பிறர்க்குக் கொடுக்கவோ கூடாது. பையைப் பிரித்தவர் இந்நிபந்தனைகளுக்கு இசைந்தவராவார். இதுவே அதன் சாரம்.

அவர் முகம் வாடிற்று. சென்ற விளைச்சலில் நிலக்கடலையை விதைக்கென எடுத்து வைத்திருந்தார். அதில் ஒரு மூட்டையை ஜெயங்கொண்டத்திலுள்ள தம் மைத்துனருக்குத் தருவதாக வாக்கும் கொடுத்திருந்தார். "காசு கொடுத்துத்தானே வாங்கினேன்? இப்போ கேஸ் போடுவாங்களா சாமி?"

கேள்வி எளிது; விடை அத்துணை எளிதன்று. மண்வெட்டியை வாங்கினால், அது நமது. அதை இரவல் தரலாம், விற்கலாம். கொல்லர் வந்து தடுப்பதில்லை. விதையோ தன்னைப்போல் பலவற்றை ஈன்று தரும் பொருள். பல்லாண்டு உழைத்து ஒரு புது இரகத்தை உருவாக்கியவர், ஒரு மூட்டை விற்ற பின் ஊரே அதைப் பெருக்கிக்கொண்டால் தம் உழைப்புக்குப் பலன் ஏது என்று கேட்கிறார். அக்கேள்வியிலும் நியாயம் இல்லாமலில்லை.

அமெரிக்காவில் போமன் என்ற சோயா உழவர், தானியக் கிடங்கில் வாங்கிய சோயாவை விதைத்தார். அதில் மான்சாண்டோ நிறுவனத்தின் காப்புரிமை பெற்ற இரகம் கலந்திருந்தது. 2013-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவர்மீது விதிக்கப்பட்ட இழப்பீடு 84,456 டாலர்!

நம் நாடு வேறு வழி சென்றது. இங்கே காப்புரிமைச் சட்டம் விதைக்குக் காப்புரிமை தருவதில்லை. 2001-ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், இரகத்தைப் பதிவு செய்தவருக்குப் பயிர்களில் 15 ஆண்டு வரை உரிமை வழங்குகிறது. ஆயினும் அதன் 39-ஆம் பிரிவு, அத்தகைய இரகத்தின் விதையையும் உழவர் சேமிக்கலாம், மறுபடி விதைக்கலாம், பரிமாறலாம், பகிரலாம், விற்கவும் செய்யலாம் என்கிறது. ஒரே தடை: வணிகப் பெயர் பொறித்து விற்கலாகாது. சட்டம் தந்ததைப் பையிலுள்ள ஒரு வரி பறித்துவிடும் என நாம் கருதவில்லை.

எனினும் சட்டம் இருந்தும் அச்சம் நீங்கவில்லை. 2019-இல் குஜராத்தில் நான்கு உருளைக்கிழங்கு உழவர்கள்மீது, தன் எப்.எல். 2027 இரகத்தைப் பயிரிட்டதாகக் கூறி, பெப்சிகோ நிறுவனம் தலைக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கேட்டு வழக்குத் தொடுத்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழவே, மே மாதம் வழக்குகளைத் திரும்பப் பெற்றது. 2021-இல் அவ்விரகத்தின் பதிவு நீக்கப்பட்டது. 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்நீக்கத்தை ரத்துச் செய்தது. உழவர்மீதான வழக்குகள் பாதியில் நின்றமையால், 39-ஆம் பிரிவின் வலிமை அங்கே உரைத்துப் பார்க்கப்படவில்லை. சிறு உழவருக்கோ தீர்ப்பு வரும்வரை காத்திருப்பதே தண்டனையன்றோ?

இன்னொரு பூட்டும் உண்டு. அதற்கு வழக்கறிஞர் வேண்டியதில்லை. பெரம்பலூர்ப் பக்கம் மிகுதியாகப் பயிராகும் மக்காச்சோளமும் பருத்தியும் பெரும்பாலும் வீரிய ஒட்டு இரகங்கள். அவற்றின் விளைச்சலை மறுபடி விதைத்தால் பயிர் ஒரு சீராக வாராது, வீரியமும் குன்றும். ஆகவே ஆண்டுதோறும் கடைக்குச் செல்கிறோம். நிலக்கடலை தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்வது. தாயைப் போலவே பிள்ளை. நம் உழவருக்கு அது நல்லூழ்.

இவற்றை அவருக்கு விளக்கினோம். கடை ரசீதையும் விதைப்பையையும் எறியாமல் வைத்திருக்கவும் சொன்னோம். பதிவு பெற்ற இரகம் சொன்னபடி விளையாவிடில் இழப்பீடு கோரவும் அதே சட்டம் இடம் தருகிறது.

மறுவாரம் ஜெயங்கொண்டம் பேருந்தில் அவரைக் கண்டோம். காலடியில் ஒரு சணல் சாக்கு மூட்டை. அதன்மேல் எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை.